மொழி ஆசிரியர் பயிற்சியில் புதியவர்கள் உண்மையில் என்ன கற்றுக்கொள்கிறார்கள்?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

செல்டா (ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ்) பயிற்சி முடித்துவிட்டுக் கோவையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். "எம்.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு எதற்கு இன்னொரு பயிற்சி? அங்கே புதிதாக என்ன சொல்லித் தருகிறார்கள்?" என்று தனிமடலில் பலர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே பேசலாம். தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களும் கட்டாயம் வாருங்கள். எந்த மொழி என்பது இதில் அவ்வளவு முக்கியம் இல்லை.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விவரம். 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் தன் இன்டர்நேஷனல் ஹவுஸ் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு குறுகிய காலப் பயிற்சியை ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் செல்டா. 1988 முதல் கேம்பிரிட்ஜ் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் குறைந்தது 120 மணி நேரம். அதில் 6 மணி நேரம் நிஜமான மாணவர்களுக்கு நீங்களே பாடம் எடுக்க வேண்டும், அதுவும் இரண்டு வேறு நிலைகளில் உள்ளவர்களுக்கு. இன்னொரு 6 மணி நேரம் அனுபவம் உள்ளவர்களின் வகுப்பைப் பார்க்க வேண்டும். 750 முதல் 1000 சொற்களில் நான்கு கட்டுரைகள். கடைசியில் பரீட்சை கிடையாது. முழுநேரமாகச் செய்தால் நான்கைந்து வாரத்தில் முடியும்.

6 மணி நேரம் என்பது கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த 6 மணி நேரமும் பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து நிமிடக் கணக்கு போட்டு எழுதிக்கொண்டே இருப்பார். கூடப் படிப்பவர்களும் குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். முதல் கேள்வி எப்போதும் "எப்படி நடத்தினீர்கள்?" என்று இருக்காது. "மாணவர்கள் இன்று என்ன கற்றுக்கொண்டார்கள், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் இருக்கும். என்னைக் கேட்டால் மொத்தப் பயிற்சியும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும். நான் நடத்தியது வேறு, அவர்கள் கற்றது வேறு. அந்த இடைவெளியைப் பார்க்கிற கண்ணைத்தான் அங்கே திறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். நம் ஊரில் எந்த வகுப்பிலும் அதிகம் கேட்கும் கேள்வி "புரிந்ததா?" என்பது. பதிலும் எல்லோருக்கும் தெரியும்: "புரிந்தது சார்." இந்தக் கேள்வியைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கைவிடச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக என்ன கேட்பது? "ஷீ ஹேஸ் கான் டு டெல்லி", "ஷீ ஹேஸ் பீன் டு டெல்லி" இரண்டையும் போர்டில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தைக் காட்டி "இப்போது அவள் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்க வேண்டும். "டெல்லியில்" என்று வர வேண்டும், இல்லையென்றால் "போகிற வழியில்". இரண்டாவதைக் காட்டி அதே கேள்வி. "டெல்லியில் இல்லை, திரும்பி வந்துவிட்டாள்" என்று வந்தால் புரிந்திருக்கிறது. "டெல்லியில்" என்றே வந்தால் இன்னும் புரியவில்லை. ஒரே கேள்வி, இரண்டு நொடி. "புரிந்ததா?" என்று பத்து தடவை கேட்டாலும் தெரியாதது இதில் தெரிந்துவிடும்.

இதைக் கான்செப்ட் செக் என்பார்கள். சுருக்கமான கேள்வியாக இருக்க வேண்டும், சொல்லிக்கொடுக்கும் சொல்லையே கேள்வியில் போடக்கூடாது, பதில் ஓரிரு சொல்லில் முடிய வேண்டும். அந்த மாதிரி மூன்று கேள்வி தயார் செய்ய எனக்கு ஒரு மாலை முழுக்கப் போகும்.

---

புதுவரவு_திருச்சி

அண்ணா, வணக்கம். நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்திருக்கிறேன். செல்டா சேரலாமா என்று யோசனை. இலக்கணம் அங்கே சொல்லித் தருவார்களா, இல்லை நாமே தெரிந்துகொண்டு போக வேண்டுமா? எனக்கு ஆங்கிலம் சரளமாக வரும். ஆனால் "ஏன் இப்படி?" என்று ஒருவர் கேட்டால் விளக்கத் தெரியாது. அதுதான் பயம்.

---

கரும்பலகை

தம்பி, இலக்கியம் படித்த எல்லோருக்கும் வருகிற பயம்தான் இது. தாய்மொழியே ஆங்கிலமாக உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம் வரும். சேர்வதற்கு முன்பே எழுதித் தர ஒரு பணித்தாள் கொடுப்பார்கள், அப்புறம் நேர்காணல். பயிற்சியில் இலக்கணப் பாடம் என்று தனியாக உட்கார்த்தி வைத்து எல்லாவற்றையும் நடத்த நேரம் இருக்காது. ஆனால் ஒரு வடிவத்தைக் கையில் எடுத்தால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கற்றுக்கொடுப்பார்கள். பொருள், வடிவம், உச்சரிப்பு. இந்த மூன்றையும் பார்க்காமல் வகுப்புக்குள் போகக்கூடாது.

"யூஸ்டு டு" என்பதை எடுத்துக்கொள். பொருள்: முன்பு வழக்கமாக நடந்தது, இப்போது இல்லை. வடிவம்: எதிர்மறையில் "டிட் நாட் யூஸ் டு" என்று மாறும். உச்சரிப்பு: எழுத்தில் இருக்கும் 'டி' காதில் தனியாக விழாது, "யூஸ்ட்டு" என்று ஒட்டிக்கொண்டு வரும். இதோடு "ஐ ஆம் யூஸ்ட் டு" என்பதையும் மாணவர் குழப்பிக்கொள்வார், அது "எனக்குப் பழகிவிட்டது" என்ற வேறு பொருள்.

அடுத்த படிதான் முக்கியம். இந்த வடிவத்தில் யாருக்கு எங்கே இடறும் என்று முன்கூட்டியே யோசித்துத் திட்டத்தில் எழுத வேண்டும். தமிழ் பேசுகிறவருக்கு இடறும் இடம் எது தெரியுமா? நாம் "சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்பேன்" என்கிறோம். நடந்தது இறந்தகாலம், வினையோ எதிர்கால வடிவம். அதையே அப்படியே கொண்டுபோய் "இன் மை சைல்ட்ஹுட் ஐ வில் பேத் இன் தி ரிவர்" என்பார்கள். இந்தத் தவற்றை நம் ஊர் வகுப்பில் வாரம் தவறாமல் கேட்கலாம். இது கவனக்குறைவு இல்லை, தமிழ் இலக்கணம் சரியாக வேலை செய்வதால் வருவது. அது தெரிந்த ஆசிரியர் திட்டிக்கொண்டு நேரத்தை வீணாக்க மாட்டார். இரண்டு வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிவிடுவார்.

சரளமாகப் பேச வருவது தேவைதான். கேம்பிரிட்ஜும் உயர்ந்த நிலை ஆங்கிலத்தை எதிர்பார்க்கிறது. ஆனால் பேசத் தெரிவதும் சொல்லிக்கொடுக்கத் தெரிவதும் ஒன்றல்ல.

---

தஞ்சை_தமிழாசிரியை

கரும்பலகை சார், நல்ல இழை. நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பி.எட். வழியாக வந்தவள். நீங்கள் சொன்னதில் பாதி எங்களுக்கும் வேறு பெயரில் உண்டு, பாதி இல்லை. அதைச் சொல்கிறேன்.

பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டில் குறைந்தது 16 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. அதற்கு முன்னால் நுண்ணிலைக் கற்பித்தல். ஐந்தாறு நிமிடம், கூடப் படிப்பவர்கள்தான் மாணவர்கள், ஒரு சமயத்தில் ஒரு திறன் மட்டும். பாடத்தைத் தொடங்கும் திறன், கிளர்வினாத் திறன், வலுவூட்டும் திறன், இப்படி. பலர் இதைச் சடங்கு மாதிரி செய்து பதிவேட்டில் ஒட்டிவிட்டுப் போவார்கள். உண்மையாகச் செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முக்கியமாகக் கிளர்வினா. மாணவர் "தெரியாது" என்றதும் அடுத்தவரிடம் தாவாமல், அதே பிள்ளையிடம் கேள்வியைச் சின்னதாக்கிக் கேட்டு, பதிலைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவைப்பது. இப்போதும் நான் தினமும் செய்வது அதுதான்.

எங்களுக்கு நிறைய கிடைத்தது என்று நான் நினைப்பது குழந்தைகளைப் பற்றிய படிப்பு. வளரிளம் பருவம், கற்றல் குறைபாடு, வீட்டுச் சூழல். நாலைந்து வாரப் பயிற்சியில் இதற்கு இடம் இருக்காது. கிடைக்காதது எது என்றால், நீங்கள் சொன்னீர்களே, பின்னால் உட்கார்ந்து நிமிடக் கணக்கில் எழுதும் பயிற்றுநர். 16 வாரத்தில் ஒரு மாணவ ஆசிரியரின் வகுப்பை முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பல கல்லூரிகளில் பதில் வராது. பாடக்குறிப்பில் கையெழுத்து ஆகும். பாடத்தைப் பார்ப்பது குறைவு. இரண்டையும் சேர்த்து யாராவது ஒரு படிப்பு வைத்தால் நானே போய்ச் சேருவேன்.

இலக்கணம் பற்றி: எங்களுக்கு விதிவருமுறை (உதாரணத்திலிருந்து விதிக்குப் போவது), விதிவிளக்கு முறை (விதியைச் சொல்லி உதாரணம் காட்டுவது) என்று இரண்டு சொல்வார்கள். தேர்வில் எழுதுவதோடு அது முடிந்துவிடக் கூடாது. ஆறாம் வகுப்பில் வல்லினம் மிகும் இடம் நடத்தும்போது நான் விதியைச் சொல்வதே இல்லை. போர்டில் எழுதுவேன்: அந்தப் பையன், இந்தக் கடை, எந்தத் தெரு, அந்தச் சட்டை. அதற்குப் பக்கத்தில்: அந்த மரம், இந்த நாய், எந்த வீடு. "என்ன வித்தியாசம் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நிற்பேன். முதலில் ஒருவரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஒரு பிள்ளை "டீச்சர், இந்தப் பக்கம் நடுவில் ஒரு புள்ளி எழுத்து இருக்கு" என்கும். எந்த எழுத்துக்கு முன்னால் என்று கேட்டால் க, ச, த, ப என்று அவர்களே பட்டியல் போட்டுவிடுவார்கள். "அந்த யானை எழுதினால் புள்ளி வருமா?" என்று கேட்டுப் பார்ப்பேன். "வராது" என்று வகுப்பே சொல்லும். விதியை நான் கடைசியில் எழுதும்போது அது அவர்களுடையது.

இதில் கஷ்டமான வேலை விதி இல்லை சார், கேட்டுவிட்டுச் சும்மா நிற்பதுதான். புதிய ஆசிரியர்களுக்கு அந்த அமைதி தாங்காது. கேள்வியைக் கேட்ட வேகத்தில் பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

---

கரும்பலகை

//கேட்டுவிட்டுச் சும்மா நிற்பதுதான்//

மேடம், இதைத்தான் சொல்ல நினைத்தேன், நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஆசிரியர் பேசும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அங்கே ஓயாமல் வலியுறுத்துவார்கள். அதன் உள்ளர்த்தம் இந்த அமைதிதான். மாணவர் யோசிக்கிறார் என்றால் வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, என்ன செய்ய வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லும் முறை. தாளைக் கையில் கொடுத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எல்லோரும் தாளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் சொல், ஒரு மாணவரை வைத்துச் செய்து காட்டு, "எழுத வேண்டுமா, பேச வேண்டுமா?", "தனியாகவா, ஜோடியாகவா?" என்று கேட்டுச் சரிபார், அப்புறம் தாளைக் கொடு. சின்ன விஷயம். ஆனால் ஒரு வகுப்பு கலைவதற்கும் ஓடுவதற்கும் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

---

சனிக்கிழமை_வகுப்பு

வணக்கம். ரொறன்ரோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். எங்களில் கனபேர் ஊரில் ஆசிரியராக இருந்தவர்கள், மற்றவர்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோராக வந்து அப்படியே நின்றவர்கள். பயிற்சி என்றால் இடைக்கிடை நடக்கிற ஒருநாள் பட்டறைதான். அதில் கிடைத்த ஒரு விசயம் எனக்குப் பெரிய திறப்பு: இங்கே பிறந்த பிள்ளைக்குத் தமிழ் தாய்மொழி என்றாலும், வகுப்பில் அது இரண்டாம் மொழி. ஊரில் படிப்பித்த மாதிரி அரிச்சுவடியில் தொடங்கினால், 247 எழுத்தும் முடிய முன்னம் பிள்ளை வகுப்பை விட்டுவிடும்.

எங்கள் பிள்ளைகள் விடுகிற ஒரு பிழை சொல்கிறேன். "நான் பசிக்குது." "நான் தண்ணி வேணும்." ஆங்கிலத்தில் எழுவாய் எப்பவும் முன்னுக்கு நிற்கும், அந்தப் பழக்கம். தமிழில் பசி, தாகம், விருப்பம், தெரிதல் எல்லாம் 'எனக்கு' என்றுதான் வரும். நான்காம் வேற்றுமை என்று விளங்கப்படுத்தினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? அந்தப் பட்டறையில் காட்டியது இது: பிள்ளைகளின் கையில் ஒரு கட்டம் போட்ட தாள். மேலே தோசை, இடியப்பம், பீட்சா, நூடுல்ஸ் படங்கள். வகுப்பைச் சுற்றிப் போய் "உனக்கு என்ன வேணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுச் சரி போட வேணும். பதில் "எனக்குத் தோசை வேணும்." திரும்பி வந்து எனக்குச் சொல்ல வேணும்: "ஆரணிக்குத் தோசை வேணும், கவினுக்குப் பீட்சா வேணும்." (பெயர்கள் சும்மா போட்டது.) ஒரு பாடத்துக்குள் ஒரு பிள்ளை அந்த வடிவத்தை இருபது தரமாவது சொல்லியிருக்கும், ஒரு தரமும் மனனம் செய்யச் சொல்லவில்லை.

அது இலக்கண வகுப்பு என்று பிள்ளைக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது, அதுதான் சிக்கல். "விளையாடுகினம், ஒண்டும் எழுதேல்லை" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எந்தப் பயிற்சியும் சொல்லித் தருவதில்லை. அதையும் சேர்க்க வேணும்.

---

பழைய_மாணவன்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், மறுபக்கமும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் எந்தப் பயிற்சிக்கும் போகாத ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். தினமும் மாலை திண்ணையில் உட்கார்த்தி வைத்து பத்து வாக்கியம் ஒப்பிக்கச் சொல்வார். நாற்பது வருஷம் ஆகியும் அந்த வாக்கியங்கள் மறக்கவில்லை, அவற்றை வைத்துத்தான் நான் வேலைக்குப் போனேன். இந்தப் புதிய பயிற்சிகள் மனப்பாடத்தைக் கேவலமாகப் பார்க்கின்றன. ஜோடி வேலை, குழு வேலை என்கிறார்கள். தெரியாத இரண்டு பேர் பேசிக்கொண்டால் தவற்றைத்தான் பரிமாறிக்கொள்வார்கள்.

அப்புறம் வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது. லண்டனில் ஒரே அறையில் பிரேசில்காரர், ஜப்பான்காரர், துருக்கிக்காரர் இருந்தால் வேறு வழியில்லை. மதுரையில் முப்பது பேருக்கும் தமிழ் தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். ஒரு சொல்லைத் தமிழில் சொன்னால் ஒரு நொடியில் முடிகிற வேலைக்குப் படம் வரைந்து, நடித்துக் காட்டி ஐந்து நிமிடம் செலவழிப்பது என்ன நியாயம்?

---

தஞ்சை_தமிழாசிரியை

ஐயா, உங்கள் தபால்காரர் ஆசிரியரை நான் குறைவாக நினைக்கவில்லை. தினமும் மாலை, சின்னக் குழு, ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டார். அவர் செய்ததில் பாதி பயிற்சிக்கு உள்ளேயே இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக் கற்பது வெளியிலிருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் கணக்குப் போட்டே வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். பி.எட். தேர்வுக்கு இதைப் படித்துவிட்டு வகுப்பில் முழுநேரமும் நாமே பேசினால் எப்படி?

இன்னொரு செய்தி. 1789 முதல் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்து, மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அமைத்தார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797இல் அதை அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அங்கே பல பள்ளிகளுக்குப் பரவியது. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அவருக்கு முன்னாலேயே நம்மிடம் இருந்தது.

நடைமுறைக் கஷ்டத்தை மறைக்கவில்லை. என் வகுப்பில் ஒரு பெஞ்சுக்கு நாலு பேர், மேசை நகராது. நான் செய்வது: முதல் பெஞ்ச் திரும்பி இரண்டாவது பெஞ்சைப் பார்த்து உட்காரும், மூன்றாவது திரும்பி நான்காவதைப் பார்க்கும். நாற்காலி நகர்த்தும் சத்தம் இல்லை. மூன்று நிமிடம்தான் கொடுப்பேன். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைப்பேன், சத்தம் வரும் என்று. தவற்றைப் பரிமாறிக்கொள்வார்கள் என்கிறீர்கள். சிலசமயம் உண்டு. அதனால்தான் அந்த மூன்று நிமிடமும் நான் மேசையில் உட்காராமல் நடந்துகொண்டே கேட்பேன்.

---

கரும்பலகை

பழைய மாணவன் ஐயாவுக்கு என் பங்குக்கு. ஒப்பிப்பதைச் செல்டா ஒதுக்கவில்லை. டிரில் என்று பெயர். ஆசிரியர் சொல்ல வகுப்பே சேர்ந்து சொல்வது, அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்வது, இதற்குத் தனியாகப் பயிற்சியே உண்டு. ஒரு நிபந்தனைதான்: பொருள் தெரிந்த பிறகு ஒப்பிக்க வேண்டும். பொருள் தெரியாத வாக்கியத்தைப் பத்து தடவை சொல்லவைப்பதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

தாய்மொழி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் கணிசமாக வருகிறேன். "நெவர்தலெஸ்" என்ற சொல்லை நடித்துக் காட்ட முடியாது. "இருந்தாலும்" என்று சொல்லிவிட்டு மீதி நேரத்தை அதை வைத்துப் பேசுவதற்குக் கொடுப்பதுதான் சரி. பயிற்சிக் காலத்தில் ஆங்கிலத்திலேயே சமாளிக்கச் சொல்வதில் ஒரு லாபம் உண்டு. எளிய சொற்களில் பேசக் கற்றுக்கொள்கிறோம், படம், சைகை, காலக்கோடு எல்லாம் கைவசம் வருகின்றன. அந்தத் திறமை வந்த பிறகு தமிழை எங்கே பயன்படுத்துவது என்று ஆசிரியர் முடிவு செய்யலாம். ஒரு வாக்கியம் ஆங்கிலம், உடனே அதற்குத் தமிழ் என்று வகுப்பு முழுக்க மாறி மாறிச் சொல்வதுதான் ஆபத்து. மாணவர் ஆங்கில வாக்கியத்தைக் காதில் வாங்காமல் அடுத்து வரும் தமிழுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்.

---

சிங்கை_வாசகி

சிங்கப்பூரிலிருந்து. இங்கே பள்ளித் தமிழாசிரியர்களுக்குத் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி, பணியில் இருப்பவர்களுக்கு உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் தொடர் பயிலரங்குகள் உண்டு. எங்கள் பெரிய கேள்வி, எந்தத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது? வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளை "நான் பள்ளிக்குச் செல்கிறேன்" என்று பேசினால் தமிழர் யாரும் அப்படிப் பேசுவதில்லை. அதனால் பேசும்போது நல்ல பேச்சுத் தமிழ், எழுதும்போது எழுத்துத் தமிழ் என்று இரண்டையும் வகுப்பில் தெரிந்தே பயன்படுத்துகிறோம். புதிய ஆசிரியருக்கு இது கடினம். கரும்பலகை முன் நின்றாலே வாயில் எழுத்துத் தமிழ் வந்துவிடும்.

கான்செப்ட் செக் தமிழுக்கும் அருமையாக வேலை செய்யும் என்பதற்கு ஒரு சான்று. நாம, நாங்க. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், பிள்ளைகளுக்குப் பிடிபடாது. நான்கு பேரை முன்னால் அழைத்து, ஒருவர் கையில் மிட்டாய்ப் பெட்டி கொடுப்பேன். அவர் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து "நாங்க சாப்பிடப் போறோம்" என்பார். வகுப்பைக் கேட்பேன்: "உங்களுக்கு மிட்டாய் உண்டா?" இல்லை. அப்புறம் "நாம சாப்பிடப் போறோம்" என்று சொல்லச் சொல்வேன். "இப்போ?" உண்டு என்று கத்துவார்கள். கேட்பவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா, அவ்வளவுதான் விதி. மிட்டாய் கிடைக்குமா கிடைக்காதா என்று வந்த பிறகு யாரும் மறப்பதில்லை.

தவறு திருத்துவது பற்றி யாரும் பேசவில்லையே? பிள்ளை ஆர்வமாக ஏதோ கதை சொல்லும்போது நடுவில் 'ழ' சரியில்லை என்று நிறுத்தினால் கதையும் போச்சு, பிள்ளையும் போச்சு. பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது: பேச விடு, குறித்துக்கொள், முடிந்த பிறகு யார் சொன்னது என்று சொல்லாமல் நாலைந்து வாக்கியத்தைப் போர்டில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல். அன்றைய பாடமே 'ழ' என்றால் மட்டும் உடனுக்குடன் திருத்து. எது எப்போது என்று முடிவு செய்வது பழக்கத்தில்தான் வரும்.

---

பழைய_மாணவன்

நன்னூல் கணக்கு எனக்குப் பிடித்தது அம்மா. பொருள் தெரிந்த பிறகு ஒப்பிப்பது என்ற நிபந்தனையையும் ஏற்கிறேன், எங்கள் ஆசிரியரும் அர்த்தம் சொல்லாமல் ஒப்பிக்க விட்டதில்லை. ஆனால் நாலைந்து வாரத்தில் ஒருவர் ஆசிரியர் ஆகிவிடுவார் என்பதை இன்னும் ஏற்க முடியவில்லை.

---

கரும்பலகை

ஆகிவிட மாட்டார் ஐயா. பயிற்றுநர்களே அதைத்தான் சொல்வார்கள். அது நுழைவுச் சான்றிதழ். பாஸ், பாஸ் பி, பாஸ் ஏ என்று மூன்று தரம் உண்டு, பெரும்பாலோர் வாங்குவது வெறும் பாஸ். சில வருட அனுபவத்துக்குப் பிறகு டெல்டா என்று அடுத்த படி இருக்கிறது.

---

புதுவரவு_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, நேரடியாக ஒரு கேள்வி. செல்டா முடித்தால் அரசுப் பள்ளியில் வேலை கிடைக்குமா? அக்காவையும் கேட்கிறேன், நான் பி.எட். போவதா, செல்டா போவதா?

---

தஞ்சை_தமிழாசிரியை

தம்பி, அரசுப் பள்ளி என்றால் பி.எட். கட்டாயம். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தகுதித் தேர்வும், அதற்கு மேல் நியமனத் தேர்வும் எழுத வேண்டும். செல்டா அதற்கு மாற்று ஆகாது. பிள்ளைகளோடு பள்ளியில் இருக்க விருப்பமா, பெரியவர்களுக்கு மொழி மட்டும் சொல்லிக்கொடுக்க விருப்பமா என்று முதலில் முடிவு செய். வழி அதிலிருந்து தானாக வரும்.

---

கரும்பலகை

மேடம் சொன்னதே சரி. செல்டாவுக்கு மதிப்பு இருப்பது தனியார் மொழிப் பயிற்சி மையங்களிலும் வெளிநாட்டு மொழிப் பள்ளிகளிலும்தான். கட்டணம் கணிசமானது, அதனால் பணம் கட்டும் முன் மையத்திடம் சில விஷயங்களைக் கேட்டுவிடு. நீ பாடம் எடுக்கப்போகும் மாணவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள்? ஒரு குழுவில் எத்தனை பயிற்சி ஆசிரியர்கள்? நேரடி வகுப்பா, இணையத்திலா? நேரடி வகுப்பு எடுக்கப்போகிறவன் இணையத்திலேயே பயிற்சியை முடித்தால், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்க்கும் பழக்கத்தைத் தனியாகத்தான் சம்பாதிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். தெரிந்த யாராவது மொழி வகுப்பு எடுத்தால் அனுமதி கேட்டுப் பின்னால் உட்கார். ஒரு தாளில் மாணவர்கள் உட்கார்ந்திருக்கும்படி கட்டம் போட்டுக்கொள். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு, அந்த மாணவர் முழு வாக்கியமாகப் பேசினால் ஒரு வட்டம். அரை மணி நேரம் போதும்.

---

புதுவரவு_திருச்சி

செய்கிறேன் அண்ணா. பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார், கேட்டுப் பார்க்கிறேன். யாருமே பதில் சொல்லாமல் ஆசிரியரே பதில் சொல்லிவிட்டால் எதைக் குறிப்பது?

---

தஞ்சை_தமிழாசிரியை

ஆசிரியருக்கும் முன்னால் ஒரு கட்டம் போட்டுக்கொள் தம்பி, அதில் குறி. கேள்விக்கும் அவர் பதிலுக்கும் நடுவில் எத்தனை நொடி விட்டார் என்றும் பக்கத்தில் எழுது. பார்த்துவிட்டு இங்கேயே போடு, அந்த அக்காவின் பெயர் வேண்டாம். அடுத்து என்ன கவனிக்கலாம் என்று அதை வைத்துச் சொல்கிறோம்.